பிடுங்கச் சொன்ன நாள்

மரவள்ளியை மண்ணுக்குள் விட்டுவைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் அரைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே நீலமாக நரம்பு ஓடும், பிறகு கறுக்கும், பிறகு புளித்த வாடை அடிக்கும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கிழங்குக்காரர்களுக்கு நாள் சொல்வது என் வேலை.

நாள் சொல்வது என்றால், ஒரு துண்டுச் சீட்டில் தேதியை எழுதி ஆலை முத்திரையைக் குத்தி, கரியாலூருக்குப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புவது. அந்தத் தேதியில்தான் மலையில் கிழங்கைப் பிடுங்குவார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்கு அவித்துத் தின்ன நாலு கிழங்கு தோண்டுவார்களே தவிர, மரவள்ளிக் காட்டில் கை வைக்கமாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம். நான் சொன்னால் நாள் என்று நம்பினார்கள்.

உண்மையில் நாளைக் குறித்தது நான் இல்லை, கரண்டு. அந்த வருஷங்களில் மழை சரியாக இல்லை, அணைகளில் தண்ணீர் இல்லை என்று சொல்லி ஆலைகளுக்கு மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதலில் சாயங்காலத்தில் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இந்த வாரம் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கரண்டு ஆபீசில் கேட்டுவந்து, அதற்குள் எத்தனை லோடு அரைக்க முடியும் என்று பார்த்து, அதற்குத் தகுந்த அளவுக்குச் சீட்டு எழுதுவேன்.

கரண்டு இல்லையென்றால் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆலையில் உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி தெரியும். அரவை மிஷின் நின்ற அன்று தோல் சீவும் பெண்கள் கத்தியை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். அவர்கள் போனால் வாசலில் இருந்த டீக்கடையில் போண்டா போடமாட்டார்கள். வறுக்கிற அடுப்புக்கு விறகு கொண்டுவருகிறவர் வண்டியை வெளியிலேயே திருப்பிக்கொள்வார். லாரி மலைக்குப் போகாது. லாரி போகாவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் வருவது தள்ளிப்போகும். ஒரு சுவிட்சுக்குப் பின்னால் இத்தனை வயிறு இருந்தது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த அளவுக்குப் பயப்படத்தான் தெரியவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர்வலமும் மறியலும் அப்போது அடிக்கடி நடந்தன. அந்த முறை தொடர்ந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். ஆலைக்குப் போகிற வழியிலேயே அந்த எழுத்து இருந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். சீட்டு அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஒரு வாரம் எவன்யா ரோட்டுல குந்திக்கினு இருப்பான்? பசிச்சா எழுந்து வூட்டுக்குப் போய்டுவான். அனுப்பு நீ" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முன்பெல்லாம் ஒருநாள் பஸ் ஓடாது, மறுநாள் சரியாகிவிடும். மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் வந்து சேரும்படி இரண்டு பேருக்குச் சீட்டு எழுதினேன். இரண்டு லோடும் சொன்னபடி வந்து முற்றத்தில் இறங்கின.

மறுநாள் காலையில் ஊருக்குப் போக வழி இல்லை. நெடுஞ்சாலையில் இருந்த புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சில மரங்கள் கம்பியின்மேல் விழுந்து கரண்டும் போய்விட்டது. சரிசெய்ய ஆள் வர வேண்டுமானால் சாலை திறக்க வேண்டும். ஆலையில் பழைய ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதிலிருந்த டீசலை வைத்து, முதலில் வந்த லோடை அரைத்தோம். அதோடு டீசல் தீர்ந்தது. ஊரில் இருந்த பெட்ரோல் பங்க்குகளில் ஸ்டாக் இல்லை என்று கயிறு கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது லோடு கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூரைச் சேர்ந்த புருஷன் பெண்சாதியுடையது. அவர்களுக்கு அந்த வருஷம் அதுதான் விளைச்சல். திரும்பிப் போக லாரி இல்லை, போகவும் மனம் இல்லை. கிழங்குக் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து குவியலின்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா அவ்வப்போது ஒரு கிழங்கை எடுத்து முட்டியில் வைத்து உடைத்து, என்னிடம் காட்டுவார்.

"வெள்ளையாத்தான் கீது பாருங்க சார்."

"இருக்கும்மா."

"நீங்க சொன்ன நாளுலதான் புடுங்கினோம். ஒரு நாளு முந்தல, ஒரு நாளு பிந்தல."

குற்றம் சொல்வது போல அவர் சொல்லவில்லை. தாங்கள் தவறு செய்யவில்லை என்று எனக்குத் தெரியப்படுத்தினார், அவ்வளவுதான். அதுதான் என்னைக் குத்தியது. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இரண்டாம் நாள் காலையில் பால்காரர் ஒருவர், தியாகதுருகத்தில் ஒரு பங்க்கில் டீசல் இருக்கிறது, கேனில் கேட்டாலும் கொடுக்கிறார்கள் என்று சொன்னார். முதலாளி என்னைப் பார்த்து, "யாரையாச்சும் சைக்கிள்ல அனுப்பேன்யா" என்றார். வேலைக்கு யாரும் வந்திருக்கவில்லை. என் மகனை அனுப்புகிறேன் என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. முடித்து, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தான். எங்கள் வழியில் யாரும் அரசாங்கச் சம்பளம் வாங்கியதில்லை. நன்றாக எழுதியிருந்தான், கிடைத்துவிடும் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது. நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டான். என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"இன்னாங்க, நாடே எரியுதுன்றாங்க. நீங்க புள்ளைய எண்ணெயத் தூக்கிக்கினு வரச் சொல்றீங்களா?"

"டீசலு ஆலைக்கும்மா. உள்வழியா போய்ட்டு உள்வழியா வந்துடுவான்."

"அது ஆலைக்குன்னு கேனு மேலயா எழுதியிருக்கும்?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். "யம்மா, கெழங்கு கறுத்துப்போச்சுன்னா பாவம்மா அவுங்க" என்றான். இரண்டு கேனைப் பின்பக்கத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு போனான். படித்த நான் டீசல் என்றால் ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற பொருள் என்று மட்டும் பார்த்தேன். எட்டாவதோடு நின்றவள் அது நெருப்பு என்று பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரிசையில் நிற்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணிக்கு மலைக்கார அம்மா ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் காட்டாமல் கீழே வைத்தார். எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் நூல்போல நீலம் ஓடியிருந்தது. பொழுது சாய்ந்தது. "புள்ள இன்னும் வரலையா சார்?" என்று அவர் கேட்டார். அதற்குமேல் கிழங்கைப் பற்றிப் பேசவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை.

விடிந்ததும் நடந்தே கிளம்பினேன். நெடுஞ்சாலையில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நூறு வயது மரங்கள். தழையைத் தின்றுகொண்டு ஆடுகள் நின்றன. ஓரிடத்தில் ரோட்டிலேயே கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சாரு, ஆளு போலாம், ஆடு போலாம். முதலாளிங்க மட்டும்தான் போவக் கூடாது. நீங்க யாரு?" என்றான் ஒருவன்.

"ஆலையில குமாஸ்தா."

"அப்போ பாதி முதலாளி. பாதி ரோடு உட்றம், ஓரமா போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிளில் கேனோடு போன பையனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நேத்து காலையில போனான். திரும்பி வர்றப்பவும் பார்த்தோம், கேனு ரொம்பி இருந்துது. எங்க வண்டிக்கும் கொஞ்சம் ஊத்துடான்னோம். சிரிச்சிக்கினே போய்ட்டான். அந்தாண்ட ஏரிக்கரை வழியா திரும்புனான்."

டீசல் வாங்கிவிட்டான், திரும்பி வந்துகொண்டிருந்தான். அது வரைக்கும் தெரிந்தது. ஏரிக்கரை வழி ஒரு காலனிக்குப் பின்பக்கமாகப் போகும். நானும் அதில் இறங்கி நடந்தேன்.

காலனி முனையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கூலி வேலைக்காரர்கள். அந்த வாரம் யாருக்கும் வேலை இல்லை. நான் கிட்டே போவதற்குள் எழுந்துவிட்டார்கள். என் மகனைத் தேடி வந்தேன், சைக்கிள், இரண்டு கேன் என்றேன். அவர்களில் என் வயதுக்காரர் ஒருவர் தடியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"உன் புள்ளையா சார் அது?"

"ஆமாங்க."

"மொதல்ல வாசனைதான் வந்துது. டீசலு வாசனை. முந்தாநாளு அந்தாண்ட ஊருல எங்க ஆளுங்க கூரைய கொளுத்திட்டாங்க. ராவும் பகலும் நாங்க இங்கதான் குந்திக்கினு கிறோம். அந்த நேரத்துல கேனோட ஒருத்தன் வூட்டுக்குப் பின்னால வந்தா நாங்க இன்னா நெனைக்கிறது?"

"ஆலைக்குன்னு சொல்லியிருப்பானே."

"சொன்னான். கரண்டே இல்லாத ஊருல எந்த ஆலைடா ஓடுதுன்னு கேட்டோம். மரவள்ளின்றான், மலைன்றான், கறுத்துடும்ன்றான். எங்களுக்கு ஒன்னும் வெளங்கல. உன் புள்ளைன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருந்துதா?" கீழே கிடந்த தடியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "ரெண்டு மூணு அடி உழுந்துது சார். பொய் சொல்லக் கூடாது. பொறவு போலீசு வேனு வந்துது, கொடுத்துட்டோம்."

எந்த ஸ்டேஷன் என்று சொன்னார். நான் திரும்பும்போது கூப்பிட்டார்.

"சார், நீயேதான் அனுப்பினியா அவன?"

"நான்தான்."

"எங்க புள்ளைங்கள நாங்க கொல்லைக்குப் போவக்கூடத் தனியா உடல சார்."

அவர் பின்னால் ஒரு கூரைவீட்டின் வாசலில் குடம், பாத்திரம், துணிமூட்டை எல்லாம் வெளியில் எடுத்து வைத்திருந்தது. கூரை தீப்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக. அதைப் பார்த்த பிறகு அவர்மேல் கோபம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கோபப்பட ஆள் கிடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டேஷன் வராண்டாவில் இளைஞர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரையும் சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். என் மகன் நாலாவதாக இருந்தான். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான், பிறகு உட்கார்ந்துகொண்டான்.

"கெழங்கு அரைச்சாச்சாப்பா?" என்று கேட்டான்.

அரைச்சாச்சு என்று சொன்னேன்.

உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "காலையிலேர்ந்து வர்ற எல்லா அப்பனும் இதான் சொல்றான். ஒருத்தன் பையன் மருந்து வாங்கப் போனான், ஒருத்தன் பையன் மாடு புடிக்கப் போனான். உன் பையன் கெழங்கு அரைக்கப் போனான்" என்றார். "ஆலைக்குன்னா உங்க முதலாளிகிட்ட எழுதி வாங்கிக்கினு வா. சீல் போட்டு."

வந்த வழியே ஆலைக்கு நடந்தேன். இத்தனை வருஷம் அந்த முத்திரை என் மேஜைமேல்தான் இருந்தது. அன்று இல்லை. முதலாளி அதை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கேன்ல டீசல் வாங்கச் சொன்னேன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு என்னையும் கலவரத்துல சேர்த்துடுவான்யா. வக்கீல் வச்சிக்கோ. அதுக்கு நான் பார்த்துக்கிறேன். பேரை மட்டும் இழுக்காதே."

அவரும் கெட்ட மனிதர் இல்லை. வக்கீலுக்கு அவர்தான் கொடுத்தார். ஆனால் அன்று ஒரு சீட்டு, நான் மலைக்கு நூற்றுக்கணக்கில் எழுதிய சீட்டுப் போல ஒன்று, அதில் ஒரு முத்திரை இருந்திருந்தால் போதும். சாயங்காலம் திரும்பிப் போனபோது, கலவரக் கூட்டத்தில் சேர்ந்து தீ வைக்க முயன்றதாக எழுதி முடித்திருந்தார்கள். எழுதினது எழுதினதுதான் என்றார்கள். பதினோரு நாள் கழித்து ஜாமீனில் வந்தான்.

அந்தப் பதினோரு நாளில் எப்போதோ ஒருநாள் ஆலைக்குப் போனேன். சாலை திறந்து கரண்டும் வந்திருந்தது. முற்றத்தில் குவியல் இல்லை. எருக்குழியில் கொட்டிவிட்டார்கள், வாடை மட்டும் இருந்தது. மலைக்காரர்கள், நான் மகனைத் தேடிப் போன அன்று காலையிலேயே காலிச் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டதாகக் காவல்காரர் சொன்னார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லல சார். உங்க புள்ள வந்துட்டானான்னுதான் போவும்போதும் கேட்டுது அந்தம்மா."

அடுத்த பருவத்தில் நான் அனுப்பிய சீட்டில் பாதி திரும்பி வந்தது. "மேல மரவள்ளியே கம்மி சார் இந்த வருசம்" என்று டிரைவர் சொன்னார். "சாமை போட்டுட்டாங்க. சாமைக்கு நாளு குறிக்க ஆளு வேணாம், வூட்டுல மூட்டை கட்டிப் போட்டா கெடக்கும்ன்றாங்க. எளவட்டமெல்லாம் செங்கல் சூளைக்குக் கெளம்பிட்டான்." அவர்கள் செய்ததில் தப்பு இல்லை. கரண்டை நம்பி, டீசலை நம்பி, என்னை நம்பி ஒரு பயிரை வைக்கமாட்டோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் கிழங்கு குறைந்ததால் ஆலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது, கரண்டு இருந்த நாளில்கூட. தோல் சீவ வந்த பெண்களில் பாதிப் பேர் கரும்பு வெட்ட மணலூர்பேட்டைப் பக்கம் போய்விட்டார்கள். டீக்கடைக்காரர் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டார். எரிபொருள் திரும்பி வந்துவிட்டது. நம்பிக்கை வரவில்லை. அதற்கு எந்த பங்க்கில் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் போகிறேன். காலனியில் பேசினவர் ஒருமுறை கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்து, "வேணும்னா நான் வந்து சொல்றேன் சார், ஒன்னும் பண்ணல அவன், கேனோட வந்தான் அவ்ளோதான்னு" என்றார். வக்கீல், அதை இப்போது சொன்னால் முதலில் ஏன் பிடித்துக் கொடுத்தாய் என்று அவரையே கேட்பார்கள் என்றார். அவருக்குக் கூலி கெட்டதுதான் மிச்சம்.

பரீட்சை முடிவு வந்தது. தேறியிருந்தான். எத்தனை பேருக்கு எத்தனை இடம் என்றுதான் ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தது. அதில் ஓர் இடம் அவனுக்கு வந்திருந்தது. பிறகு உறுதிமொழிப் படிவம் தபாலில் வந்தது. பெயர், ஊர், படிப்பு எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். உங்கள்மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? ஆம் எனில் விவரம்.

"இல்லன்னு எழுதேன்டா" என்றாள் அவன் அம்மா.

"பொறவு கண்டுபுடிச்சா வேலையோட போவும்மா" என்றான். என்னிடம் திரும்பி, "ஒரு வரிதான் இடம் உட்டிருக்கான்பா. இன்னா எழுதறது?" என்று கேட்டான்.

ஆலைக்கு வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் நான்தான் எழுதுவேன். வரியை எப்படி அமைத்தால் யாருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு பழைய நோட்டில் எழுதிப் பார்த்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். கிழங்கு, மின்வெட்டு, மறியல், மலையிலிருந்து வந்த இரண்டு பேர், அவர்களுக்கு நான் சொன்ன நாள் எல்லாம் அந்த ஒரு வரியில் ஏறவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் தீ வைக்கப் போனவனைப் போல இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவை வாங்கி, ஆம் என்று எழுதினான். வழக்கு எண்ணைப் போட்டான். பக்கத்தில், டீசல் வாங்கச் சென்றபோது சந்தேகத்தின்பேரில் கைது செய்யப்பட்டேன் என்று எழுதினான்.

யார் அனுப்பிப் போனான் என்று எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் சொல்லவில்லை.